குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை: ஒரு மண்டபத்தோடு ஐந்து மாதம்

படம், பட்டம். பாடு, பாட்டு. கடம், கட்டம். பதி, பத்தி. இப்படி நாற்பது சொற்களைச் சென்ற வியாழக்கிழமை மேடையிலிருந்து மைக்கில் வாசித்தேன். பின்வரிசையில் எட்டு மூத்தோர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதினார்கள். சராசரி மதிப்பெண் நாற்பதுக்கு 35. ஐந்து மாதத்துக்கு முன் இதே மண்டபத்தில், இதே பட்டியலுக்கு, ஏறக்குறைய இதே ஆட்கள் எடுத்தது 21. இடையில் நடந்ததை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

பகலில் எனக்கு மின்தூக்கி பராமரிப்பு வேலை. ஒலி என் தொழிலன்று. சிங்கப்பூரில் நான் தொண்டூழியம் செய்யும் கோயிலின் பல்நோக்கு மண்டபத்தில் மைக் போடுவது பத்து ஆண்டுகளாக என் பொறுப்பு, அவ்வளவுதான். திருமணங்களில் யாரும் குறை சொன்னதில்லை. வியாழன் மாலை திருமுறை வகுப்புக்கு வரும் நாற்பது பேரிடமிருந்துதான் புகார் வந்துகொண்டே இருந்தது. “ஒலியைக் கூட்டு” என்பார்கள், கூட்டுவேன். இன்னும் மோசமாகும். ஒருநாள் பின்வரிசைப் பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “தம்பி, குரல் நிறையக் கேட்கிறது, சொல்தான் கேட்கவில்லை” என்றார். அதற்குப் பிறகுதான் அது ஒலியின் அளவுச் சிக்கல் இல்லை என்று எனக்கு உறைத்தது.

நிர்வாகக் குழு முதலில் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டது. வந்தவர் கைதட்டிப் பார்த்தார், தலையாட்டினார், இன்னும் பெரிய ஒலிபெருக்கிகள் போட 18,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் தாளை என்னிடம் நீட்டினார். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்றேன். ஐந்து ஆனது.

முதலில் அளவெடுத்தேன். 65 வெள்ளிக்கு வாங்கிய லேசர் அளவுமானியில் மண்டபம் 24 மீட்டர் நீளம், 14 அகலம், 6 உயரம் என்று வந்தது. கொள்ளளவு 2,016 கன மீட்டர். தரை பளிங்கு, சுவர்கள் சாயம் பூசிய கான்கிரீட், பின்சுவரில் கண்ணாடிக் கதவுகள். மேற்கூரை முழுவதும் ஓட்டை ஓட்டையான வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் அறுபதுக்கு அறுபது சென்டிமீட்டர். மேடையின் இருபுறமும் நாலு மீட்டர் உயரத்தில் பதினைந்து அங்குல ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு, நேராகப் பின்சுவரைப் பார்த்துத் தொங்கின. அந்தக் கோணத்தை நான் பத்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டுப் பெட்டிகள் சுவருக்குச் சொற்பொழிவு செய்கின்றன என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஒலி எங்கெங்கே எவ்வளவு போய்ச் சேரும் என்று வரைந்து பார்க்க ஈஸ் ஃபோக்கஸ் என்ற மென்பொருளை இறக்கினேன். பெர்லினில் இருக்கும் ஏஎஃப்எம்ஜி நிறுவனத்தின் வெளியீடு, இலவசம். மண்டபத்தின் குறுக்குவெட்டை வரைந்து, தயாரிப்பாளர் தரும் ஒலிபெருக்கிக் கோப்பை ஏற்றினால், ஒவ்வோர் இருக்கையிலும் எத்தனை டெசிபெல் என்று வண்ணத்தில் காட்டும். இரண்டு மாலை அதில் மூழ்கினேன். இரண்டு மெலிந்த தூண் வடிவ ஒலிபெருக்கிகளை மேடையோரம் வைத்து, கோணத்தைச் சற்றுச் சாய்த்தபோது, முன்வரிசை முதல் பின்வரிசை வரை ஒரே பச்சை. மகிழ்ச்சியில் படத்தை அச்செடுத்துச் செயலாளரிடம் காட்டிவிட்டேன்.

அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது சிறியது. கேட்பவரின் காது உயரத்தை மென்பொருள் காட்டியபடி நாற்காலிக் கணக்கில் 1.2 மீட்டர் என்றே விட்டிருந்தேன். நம் மண்டபத்தில் பாதிப்பேர் தரையில் சம்மணமிடுகிறார்கள். அளவுநாடாவோடு போய்ப் பத்துப் பேரை அளந்தேன். தரையில் சராசரி 78 சென்டிமீட்டர், நாற்காலியில் 115. அகலமாகச் சிதறும் பெட்டிக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. தூண் ஒலிபெருக்கி மேலும் கீழும் குறுகலாக வீசுவது, அதற்குப் பொருட்டு. கோணத்தை மறுபடி போட வேண்டியிருந்தது.

இரண்டாவது பெரியது. அந்த மென்பொருள் காட்டுவது ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் ஒலியை மட்டும்தான். சுவரில் பட்டுத் திரும்புவது அதன் கணக்கிலேயே கிடையாது. அதை அது மறைக்கவும் இல்லை, விளக்கக் குறிப்பில் எழுதித்தான் இருக்கிறது. பச்சையைப் பார்த்தவன் குறிப்பைப் படிக்கவில்லை. என் பச்சைப்படத்தில் மண்டபமே இல்லை. வெட்டவெளி மைதானத்தில் நாற்காலி போட்டு வரைந்ததுபோல் இருந்தது.

ஆகவே எதிர்முழக்கத்தைத் தனியாகக் கணக்கிட உட்கார்ந்தேன். ஒலி நின்ற பிறகு 60 டெசிபெல் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் முழக்க நேரம். 0.161ஐக் கொள்ளளவால் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் விடை. 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையின் குழப்பத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியர் இரவுகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்த உறவு இது. நூற்றாண்டு கடந்த பின்னும் என்னைப் போன்றவனுக்கு ஒரு விரிதாளில் அடங்குகிறது.

மேற்கூரை 336 சதுர மீட்டர். பட்ட ஒலியில் எத்தனை பங்கை ஒரு பரப்பு விழுங்கும் என்பதுதான் உறிஞ்சு எண்; இந்த வகை ஓட்டுக்கு அது 0.6 என்று பட்டியலில் இருந்தது, பரப்போடு பெருக்கினேன், 202 வந்தது. தரை, சுவர், மேடைத்திரை எல்லாம் சேர்த்து 42. மொத்தம் 244. முழக்க நேரம் 1.33 நொடி. நல்ல மண்டபம்! அப்படியானால் பாட்டி ஏன் புலம்புகிறார்?

அளந்து பார்க்க யூமிக் என்ற யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கினேன், 140 வெள்ளி. மடிக்கணினியில் அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். மைக்கைப் பின்வரிசையிலும் கணினியை மேடையிலும் வைக்கும் ஆசையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவருக்குப் போய் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பிகள் இரண்டு வாங்கி இணைத்தேன். பத்து மீட்டரில் மைக் காணாமல் போனது. சாதாரண யுஎஸ்பி கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று என்பது 28 வெள்ளிக்குப் படித்த பாடம். கணினியை மைக் பக்கத்திலேயே வைத்து, ஒலியை எக்ஸ்எல்ஆர் என்ற நீண்ட ஒலிக்கம்பியில் மேடைக்கு அனுப்பியதும் எல்லாம் நடந்தது.

இரவு பத்து மணிக்கு, ஆளில்லாத மண்டபத்தில், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, கீழ்ச்சுருதியிலிருந்து மேல்வரை வழுக்கிச் செல்லும் சோதனை ஒலியை ஆறு இடங்களில் ஓட்டினேன். ஆயிரம் ஹெர்ட்ஸில் 2.6 நொடி. கணக்கைவிட இரண்டு மடங்கு. மைக் பழுதோ என்று மறுநாள் பிறந்தநாள் பலூன்களை ஊதி உடைத்துப் பார்த்தேன். அதிலும் 2.5, 2.6. காவலாளி இரண்டு முறை ஓடிவந்தார். அந்தப் பலூன்கள் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தன. முன்வரிசையில் நின்று உடைத்தால், கொஞ்சம் தள்ளி இன்னொரு பலூன் உடைவதுபோல் பின்சுவரிலிருந்து தெளிவாக ஓர் எதிரொலி திரும்பி வந்தது. வரைபடத்தில் அது சுமார் 115 மில்லிநொடி தள்ளி நின்றது. போக 20 மீட்டர், வர 20 மீட்டர், சரியாகப் பொருந்தியது. மிருதங்கக்காரர்கள் இந்த மண்டபத்தில் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

ஆனால் 1.33க்கும் 2.6க்கும் நடுவில் எங்கோ நூற்றுக்கு மேற்பட்ட சதுர மீட்டர் உறிஞ்சலைத் தொலைத்திருந்தேன். இரண்டு வாரம் விரிதாளைத் தோண்டினேன். திரையின் எண்ணை மாற்றினேன், கண்ணாடிக்கு வேறு எண் போட்டேன். எதுவும் நூறைத் தொடவில்லை. விடை கிடங்கில், பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தது. மண்டபம் கட்டியபோது மிஞ்சிய மேற்கூரை ஓடுகள். விளக்கு மாற்ற ஏணி போட்ட நாளில் மேலிருந்து ஓர் ஓட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். புதியது மங்கிய வெள்ளை, பழையது பளிச்சென்ற வெள்ளை. சமையலறைத் தராசில் புதியது 1,480 கிராம், பழையது 1,610. வாயோடு வைத்து ஊதினேன். புதியதில் மூச்சு உள்ளே போனது. பழையதில் சுவரில் ஊதுவதுபோல் முகத்திலேயே திரும்பி அடித்தது.

விழாவுக்கு விழா மண்டபத்துக்குச் சாயம் அடிக்கும்போது, அக்கறையோடு மேற்கூரைக்கும் அடித்திருக்கிறார்கள். ஓட்டின் துளைகளுக்குள் காற்று போய்வர முடிந்தால்தான் அது ஒலியை விழுங்கும். அந்த 130 கிராம் சாயம் வாயை அடைத்துவிட்டது. மேற்கூரையின் எண்ணை 0.6இலிருந்து 0.25க்கு இறக்கியதும் விரிதாள் 2.58 என்றது. அந்த நள்ளிரவில் நான் சத்தமாகச் சிரித்ததில் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

திருமணத்தில் ஏன் புகார் இல்லை என்பதும் அதே தாளில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுகிறார். இருநூறு பேர் வந்தால் 90 கூடி, முழக்க நேரம் 1.5க்கு இறங்கிவிடும். வியாழக்கிழமை நாற்பது பேர் வந்தால் 18தான் கூடும், 2.3 நொடி. பட்டுப்புடவை கட்டிய கூட்டம்தான் இத்தனை நாள் எங்கள் ஒலியைக் காப்பாற்றியிருக்கிறது.

சொல் ஏன் சாகிறது என்பதற்கு வருகிறேன். பள்ளியில் ஒற்று மிகுமா மிகாதா என்று அடி வாங்கியவன் நான். அந்த ஒற்று ஒரு மௌனம் என்பதை இந்த வேலையில்தான் கண்ணால் பார்த்தேன். ‘பட்டம்’ என்று கைப்பேசியில் பதிவு செய்து பெரிதாக்கினால், ‘ப’வுக்கும் ‘டம்’முக்கும் நடுவில் ஒலியே இல்லாத ஒரு தட்டைக் கோடு. என் நிதானமான பேச்சில் அது 0.15 நொடி நீளம். ‘படம்’ சொன்னால் அந்தக் கோடு கிட்டத்தட்ட இல்லை. முழக்க நேரம் 2.6 நொடியாக இருக்கும் அறையில் ஒலி நொடிக்கு 23 டெசிபெல் வீதம்தான் இறங்கும். அந்த 0.15 நொடிக்குள் மூன்றரை டெசிபெல். மௌனமாக இருக்க வேண்டிய இடத்தை முந்திய உயிரெழுத்தின் வால் நிரப்பிவிடுகிறது. பட்டம் படமாகிறது, பாட்டு பாடாகிறது. என் சோதனைப் பட்டியலை இந்த இணைகளாலேயே கட்டியதற்குக் காரணம் இதுதான். ல, ள, ழ வேறுபாட்டை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது நேரில் பேசினாலே பலருக்கு ஒன்றாகிவிட்டது, அந்தப் பழியை மண்டபத்தின் மேல் போடுவது நியாயமில்லை.

காசு செலவில்லாமல் தீர்க்கலாம் என்று கோயிலில் இருந்த ஜமுக்காளங்கள் அத்தனையையும் விரித்தும் பார்த்தேன், சுமார் 60 சதுர மீட்டர். நாலாயிரம் ஹெர்ட்ஸில் கொஞ்சம் அடங்கியது, ஐந்நூறில் அசையவில்லை. மெல்லிய துணி உயர்ந்த ஒலியை மட்டும் தின்னும். பேச்சு இன்னும் மந்தமாகவே ஆனது. மடித்து வைப்பதற்கு ஒரு மணி நேரம்.

இறுதியில் செய்தது மூன்று வேலை. மேற்கூரையில் 333 ஓடுகளை, அதாவது 120 சதுர மீட்டரை, புதிதாக மாற்றினோம். 0.85 எண் உள்ள, தீப்பற்றாத சான்றுள்ள வகை, ஒன்று 11 வெள்ளி. எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லை. ஒரே இடத்தில் குவிக்காமல், இடையிடையே விட்டு, பரவலாக மாற்றச் சொன்னேன். ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை, கூலியைக் கூட்டினார். சாரத்தோடு சேர்த்து 2,900. பின்சுவரில் கண்ணாடிக்கு மேலும் இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் தடிமன் பாறைக்கம்பளியை (ராக் வூல்) துணியில் பொதிந்த, ஒலியை உறிஞ்சும் பலகைகள் 28, இருபது சதுர மீட்டர், 1,540 வெள்ளி. அவற்றைச் சுவரோடு ஒட்டி அறைந்தது என் தவறு. பின்னால் ஐந்து சென்டிமீட்டர் காற்றிடைவெளி விட்டிருந்தால் அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலியையும் பிடித்திருக்கும். செலவு சில மரச்சட்டங்கள்தான். அடுத்த முறை அதைத்தான் முதலில் செய்வேன்.

பிறகு ஒலிபெருக்கிகள். ஒரு மீட்டர் உயரத் தூண்கள் நான்கு, 5,200 வெள்ளி. இரண்டு மேடையோரம், இரண்டு பக்கச்சுவர்களில் 11 மீட்டர் தள்ளி, பின்பாதிக்காக. நேரொலியும் முழக்கமும் சமமாகும் தூரத்தைக் கணக்கிட்டால், பழைய பெட்டிக்கு அது மூன்றரை மீட்டர்தான் வந்தது. பின்வரிசை இருபதில். அங்கே உட்கார்ந்தவர் பேச்சாளரைக் கேட்கவில்லை, மண்டபத்தைக் கேட்டார். ஆகவே ஒலிபெருக்கியே அவர் அருகில் போக வேண்டும். நான்கு தூண்களையும் நான்கு டிகிரி கீழே சாய்த்தேன், கைப்பேசிச் சாய்வுமானி போதுமானதாக இருந்தது.

பின் தூண்களுக்குக் காலதாமதம் கொடுக்க ஓர் ஒலிச்செயலிக் கருவி, 620 வெள்ளி. மேடை ஒலி நடந்து வரும்வரை பின் தூண் காத்திருக்க வேண்டும், இல்லையேல் பேச்சாளர் மேடையிலும் குரல் சுவரிலுமாகப் பிரிந்து நிற்பார்கள். இதற்காக ஒரு மாலை முழுவதும் சிங்கப்பூர் வெப்பத்தில் ஒலியின் வேகம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். 28 டிகிரியில் நொடிக்கு 348 மீட்டர், 20 டிகிரியில் 343. பதினொரு மீட்டருக்கு அந்த வேறுபாடு அரை மில்லிநொடிகூட இல்லை. அத்தனை நுணுக்கம் பார்த்தவன் செயலியில் 11 என்று அடித்தபோது அது அடிக்கணக்கில் இருந்ததைக் கவனிக்கவில்லை. பதினொரு மீட்டர் பதினொரு அடியானது. முதல் வகுப்பில் ஓதுவார் வாயசைக்க, சுவர் பாடியது. அலகை மாற்றி 32 மில்லிநொடி வைத்து, அதன் மேல் 12 கூட்டினேன். முதலில் வந்து சேரும் ஒலியிருக்கும் திசையைத்தான் காது நம்பும், பின்னால் வருவது ஓரளவு உரக்க இருந்தாலும் கூட. 44இல் வைத்து, பின் தூண்களின் அளவையும் கொஞ்சம் குறைத்ததும் குரல் மேடைக்குத் திரும்பியது.

மறுபடி அளந்தேன். முழக்க நேரம் கணக்குப்படி 1.5 நொடி, மைக் சொன்னது 1.6. முதல் 50 மில்லிநொடிக்குள் வரும் ஒலிக்கும் அதன் பின் வருவதற்கும் உள்ள விகிதம் (கூடினால் சொல் தெளியும்) பின்வரிசையில் மைனஸ் 4.5 டெசிபெலாக இருந்தது, இப்போது பிளஸ் 2. பின்சுவர் எதிரொலி அடங்கிவிட்டது. கோயிலுக்கு மொத்தம் 13,923 வெள்ளி, என் பையிலிருந்து 233.

சரியாகாததும் இருக்கிறது. 125 ஹெர்ட்ஸில் முழக்க நேரம் இன்னும் 2.1 நொடி. ஒரு மீட்டர் தூணுக்கு 350 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசையென்று ஒன்று பெரிதாக இல்லை, எங்கும் வழிகிறது. பேச்சுக்குச் செயலியில் 120க்குக் கீழே வெட்டிவிட்டேன். தவில் நாளில் அந்த வெட்டை எடுக்க வேண்டும், எடுத்தால் மண்டபம் பழையபடி உறுமுகிறது. பலகைகளைக் கழற்றி இடைவெளி விட்டு மாட்ட இன்னொரு வார இறுதி வேண்டும். குளிர்சாதனத்தின் இரைச்சலும் 47 டெசிபெல், அதை ஒன்றும் செய்யவில்லை.

பாட்டி நாற்பதுக்கு 37 எடுத்தார், எட்டுப் பேரில் முதலிடம். தவறவிட்ட மூன்றும் என் உச்சரிப்புக் கோளாறு என்கிறார்.

நவராத்திரிக்கு முன் மண்டபத்துக்குச் சாயம் அடிக்க விலைத்தாள் வந்திருக்கிறது. ஐந்தாவது வரியில் ‘மேற்கூரை, இரண்டு பூச்சு’ என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுச் செயலாளரின் மேசையில் திரும்ப வைத்திருக்கிறேன். கழற்றிய ஓடும் அதன் மேல்தான் இருக்கிறது, யாராவது ஏன் என்று கேட்டால் ஊதிப் பார்க்கட்டும் என்று.